தாயின் தியாகமும் சமுதாயத்தின் கடமையும்

ஒரு சமுதாயம் தன்னிடையே வாழும் நலிந்தோரைப் பற்றி எத்தகைய கதைகளைச் சொல்லிக்கொள்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால், அவர்களுக்கு அது எதைக் கொடுக்க மறுக்கிறது என்பதும் புலனாகும். கைம்பெண்ணின் கற்பைப் போற்றிய காலம் அவளுக்கு மறுவாழ்வை மறுத்த காலமுமாகும். உழவனின் பெருமையை ஓயாது பாடிய நாவுகள் அவனுக்கு நிலம் வேண்டும் என்று பேச நெடுங்காலம் தயங்கின. கொடுக்கவேண்டிய கடனுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் செல்லாக்காசாகவே புகழ்ச்சி பல வேளைகளில் அமைந்துவிடுகிறது. ஓட்டிசம் என்னும் நிலையோடு பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் அவர்களை வளர்க்கும் குடும்பங்களைப் பற்றியும் இன்று நம்மிடையே வழங்கும் கதைகள் பெரும்பாலும் இவ்வகையினவே. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளையும் உரைகல்லாகக் கொண்டு அக்கதைகளை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சொல்லில் உள்ள கோணல் சிந்தனையிலும் கோணலாகவே விளையும். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லடியிலிருந்து ஓட்டிசம் என்ற பெயரைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் புளொய்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் பின்னரே அது இன்றைய பொருளில் வேரூன்றியது. பிறருடன் உறவாடும் முறையிலும், பேச்சிலும் சைகையிலும் வேறுபாடு. ஒரே செயலையும் ஒரே ஒழுங்கையும் விடாது பற்றி நிற்றல். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல். இவை குழந்தைப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் தொடரும். சிலர் ஒரு சொல்லும் பேசார். சிலர் பல்கலைக்கழகப் பட்டம் பெறுவர். இது தொற்று நோயன்று. மருந்தால் தீர்க்கப்படுவதுமன்று.

இந்நிலைக்குத் தமிழில் ஆக்கப்பட்டுள்ள பெயர்களைப் பாருங்கள். ‘மதியிறுக்கம்’ என்கிறது ஒன்று. பிள்ளையின் மதியே இறுகிவிட்டதாக அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்கிறது இன்னொன்று. முனைப்பு இல்லாதவன், முயலாதவன் என்னும் பழி அதனுள் ஒளிந்திருக்கிறது. ‘புறவுலகச் சிந்தனையற்றோர்’ என்று தமிழ்நாட்டு அரசாங்க ஏடுகளில் வழங்கும் தொடரோ உண்மையைத் தலைகீழாக்குகிறது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்களின் ஒலிப்பான்கள் ஒரே நேரத்தில் அலறும்போது காதைப் பொத்திக்கொண்டு தரையிற் குந்திவிடும் பிள்ளை புறவுலகச் சிந்தனையற்றதா? எசல பெரஹராவின் முன்வரிசையில் சாட்டைகள் வெடிக்க, பந்தங்கள் எரிய, நூற்றுக்கணக்கான பேரிகைகள் முழங்க, தந்தையின் தோளிலிருந்து திமிறி ஓட முயலும் பிள்ளைக்குப் புறவுலகம் இல்லையா? நம்மைக்காட்டிலும் பன்மடங்கு வேகத்தோடு புறவுலகம் அதன்மீது வந்து மோதுகிறது என்பதல்லவா உண்மை! பஸ்ஸையும் சோசலிசத்தையும் தயங்காது ஏற்றுக்கொண்ட மொழி ஓட்டிசத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வதில் இழுக்கில்லை. தவறான தமிழ்ச்சொல்லைவிடப் பழியில்லாத பிறமொழிச்சொல் மேலானது.

பெயரிலுள்ள இப்பழி தற்செயலாக நேர்ந்ததன்று. யாரையாவது குற்றவாளியாக்கவேண்டும் என்ற சமுதாயத்தின் அவசரம் இதில் நெடுகிலும் காணப்படுவது. அன்பற்ற, குளிர்ந்துபோன தாய்மாரின் வளர்ப்பே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று மேல்நாட்டு உளமருத்துவத்தில் ஒரு சாரார் சாதித்தனர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அக்கொடிய கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1964இல், தாமும் அத்தகைய ஒரு பிள்ளையின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட் அதனை மறுத்து நூல் எழுதியிருந்தார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த பொல்ஸ்ரைனும் ரட்டரும் இதில் பரம்பரையின் பங்கு பெரிது என்று காட்டினர். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய நோய்களுக்கான தடுப்பூசியின்மீது 1998இல் சுமத்தப்பட்ட பழியும், அக்கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதனை விலக்கிக்கொண்டதோடு முடிந்திருக்கவேண்டும். எனினும் நம்மூர்த் திண்ணைகளில் விசாரணை இன்னும் ஓயவில்லை. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள். வேலை வேலையென்று அலைந்து பிள்ளையோடு பேசவில்லை. கைத்தொலைபேசியைக் கொடுத்துக் கெடுத்தாள். குற்றப்பத்திரிகை மாறிக்கொண்டே வருகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் மட்டும் என்றும் தாயே.

இவ்விடத்தில் வரலாறு மறந்த ஒரு பெண்மணியை நினைவுகூர்தல் தகும். கானருக்கு ஏறத்தாழ இரு தசாப்தங்கள் முன்னர், 1925இல், மொஸ்கோவில் குரூனியா சுகரேவா என்னும் உளமருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்று நாம் ஓட்டிசம் என்று அறியும் இயல்புகளை வியக்கத்தக்க நுட்பத்தோடு வருணிக்கிறது. அவர்களை அவர் கண்டது மருத்துவமும் கல்வியும் ஒன்றாய் நடந்த ஒரு பாடசாலையில். அங்கே உடற்பயிற்சியும் கைத்தொழிலும் கூட்டு வாழ்வும் சிகிச்சையின் பகுதிகளாயிருந்தன. அதே காலத்தில் அதே நாட்டில் லெவ் வைகோட்ஸ்கி வேறொரு கோணத்திலிருந்து இதே உண்மைக்கு வந்தார். பிள்ளையின் உறுப்பிலோ நரம்பிலோ உள்ள வேறுபாடு ஒன்று. அவ்வேறுபாட்டின் காரணமாகச் சமுதாயம் அப்பிள்ளையை எங்கே நிறுத்துகிறது என்பது மற்றொன்று. வாழ்வைச் சிதைப்பது பெரும்பாலும் இரண்டாவதே என்று அவர் வாதித்தார். அவருடைய காலத்துச் சொல்வழக்குகள் இன்று பழமையாகிவிட்டன. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி பழமையாகவில்லை. இனி நாம் காணப்போகும் கலைப்படைப்புகளை அக்கேள்வியைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஓட்டிசத்தை உலகெங்கும் வீட்டுப்பெயராக்கியது 1988இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம். டஸ்டின் ஹொப்மன் நடித்த ரேமண்ட் என்னும் பாத்திரம் சீட்டுகளை எண்ணி நினைவில் வைத்துச் சூதாட்டக் கூடத்திற் பணம் குவிக்கிறது. படம் நெகிழ்ச்சியானது, நடிப்பு நேர்த்தியானது. ஆயினும் அது உலகுக்குக் கற்பித்த பாடம் இதுதான்: இத்தகைய மனிதன் மதிக்கத்தக்கவன், ஏனெனில் அவனிடம் அபூர்வத் திறமை ஒன்று இருக்கிறது. படத்தின் முடிவில் அவன் திரும்பிச் செல்வது எங்கே? அவன் வெளியேறி வந்த அதே விடுதிக்குத்தான். திறமை அவனுக்குப் பார்வையாளரின் கைதட்டலைப் பெற்றுத் தந்தது. ஊரில் ஓர் இடத்தைப் பெற்றுத் தரவில்லை.

தமிழில் 2013இல் குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’ பல வகையிற் பாராட்டுக்குரியது. ஓட்டிசமுள்ள சிறுவனை நகைச்சுவைக்குரிய பொருளாக்காமல் மனிதனாக நிறுத்திய படம் அது. அவனை மறைத்துவைக்காமல் சாதாரண அரசாங்கப் பாடசாலைக்குள் கொண்டுவந்து, அங்கே ஓர் ஆசிரியையின் பொறுமையையும் திகைப்பையும் ஒருங்கே காட்டிய காட்சிகள் நம் ஆசிரியர் அனைவரும் காணவேண்டியவை. ஆயின் கதையின் முதுகெலும்பு எது? தாயற்ற பிள்ளை, மகனுக்காகத் தன் தொழிலையே ஒதுக்கிவைக்கும் பொலிஸ் அதிகாரியான தந்தை, ஈற்றில் ஓட்டக்காரனாக வெளிப்படும் மகனின் திறமை. ஒரு பெற்றாரின் தியாகம், ஒரு பிள்ளையின் வெற்றி. இடையில் ஊர் எங்கே? ஊர் வேடிக்கை பார்க்கிறது, முடிவிலே கைதட்டுகிறது.

ஓடத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? தொழிலை ஒதுக்கிவைக்க இயலாத பெற்றோர் என்ன செய்வர்? இந்த இரு கேள்விகளோடு கண்டிக்கு வருவோம்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட நாள்முதல் கண்டியைச் சூழ்ந்த மலைகள் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் பசுமையாயின. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழுந்து நிற்கும் ஹந்தானை மலையில் தேயிலைக்கென ஓர் அருங்காட்சியகமே உண்டு. பழைய இயந்திரங்கள் அங்கே துடைத்துத் துலக்கிப் பேணப்படுகின்றன. கீழே பல்கலைக்கழகத்தில் 1962 முதல் மருத்துவபீடம் இயங்குகிறது. பேராதனையிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் இருக்கிறது. அறிவும் மருத்துவமும் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ மடுல்கலையிலிருந்தோ ஒரு தாய் தன் பிள்ளையோடு அங்கே வந்து சேர என்ன விலை கொடுக்கிறாள் என்பதே வினா.

விடியற்காலையிற் பிரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் உயர்வும் நெடும் போராட்டத்தின் பின்னரே வந்தது. பேச்சுப் பயிற்சி என்பது ஒரு தடவை போய் மருந்து வாங்கி வரும் காரியமன்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போகும். பஸ் கட்டணம் போகும். கூட ஒருவர் வந்தால் இரண்டு பேர் போகும். ஹரிதாஸின் தந்தைக்கு இருந்த அவகாசம் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இல்லை. அவளுக்கு அன்பு குறைவா? அன்று. தியாகம் செய்வதற்கும் கையில் ஏதேனும் இருக்கவேண்டும்; அந்தக் கையிருப்பே அவளிடம் இல்லை. அவளிடம் போய்த் தாயின் தியாகத்தைப் பாடுவது, பட்டினி கிடப்பவனிடம் உண்ணாநோன்பின் பெருமையைப் பேசுவது போன்றதாகும்.

வந்து சேர்ந்தாலும் மொழி என்னும் மதில் எதிரே நிற்கிறது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் சட்டத்தில் மொழி இருப்பது வேறு, சிகிச்சை அறையில் அது இருப்பது வேறு. கால் முறிந்தவனைச் சைகை காட்டியும் குணப்படுத்திவிடலாம். பேச்சுப் பயிற்சிக்கோ மொழியே மருந்து. வீட்டில் தமிழும், வைத்தியசாலையிற் சிங்களமும், அட்டையில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளுக்கிடையில், ஒரு சொல்லைக்கூட அரிதாகப் பேசும் பிள்ளை நிறுத்தப்படுகிறது. தமிழ் பேசும் பயிற்சியாளரை மலையகத்துக்கென உருவாக்குவது மொழியுரிமையின் மிக நுண்ணிய, மிக அவசரமான கூறு. மேடைகளில் மொழியுரிமை முழங்குவோர் இதனையும் தம் கோரிக்கைப் பட்டியலிற் சேர்ப்பாராக.

இனி லயத்தைப் பார்ப்போம். ஒற்றைச் சுவரால் பிரிக்கப்பட்ட காம்பராக்களின் வரிசை. இரவில் உறங்காத பிள்ளையின் கூக்குரல் பத்துக் குடும்பங்களுக்குக் கேட்கும். விடியலில் வேலைக்குப் போகவேண்டிய அயலார் சலித்துக்கொள்வர். பிள்ளையைப் பூட்டிவைக்கும் நிலைக்குத் தாய் தள்ளப்படுவாள். நகரத்து மாடிவீட்டுத் தனிமைக்கு எதிரான துன்பம் இது. இடமின்மையால் விளையும் துன்பம். ஆயினும் இதே லயத்தில் நகரத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. அப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். அது வழிதவறி மலையேறினால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவேண்டியதில்லை. யாரேனும் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவருவர். சாவுக்கும் கலியாணத்துக்கும் கூடும் வழக்கம் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. நிபுணர்கள் ‘சமுதாய ஆதரவு’ என்று நூல்களில் எழுதுவதன் மூலப்பொருள் லயத்தில் ஏற்கெனவே கிடக்கிறது. அதற்கு அறிவும் அமைப்பும் ஊதியமும் கிடைக்கவில்லை என்பதே குறை.

இது வெறும் நல்லெண்ணக் கனவன்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோருக்குப் பயிற்சியளித்தவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்றப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்களே. பெற்றோர் பிள்ளையோடு ஒத்திசைந்து உறவாடும் முறையும், பிள்ளை தானாகத் தாயை நாடித் தொடர்புகொள்ளும் முறையும் அதனால் மேம்பட்டன. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் பராமரிப்பாளருக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. அதுவும் நிபுணரல்லாதார் நடத்தக்கூடியதே. இலங்கையிலேயே ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, அரை நகரப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதமான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசத்தைக் கண்டது. மேல்நாட்டிலிருந்து கொண்டுவந்த வினாக்கொத்து நம் தாய்மாரிடம் சரிவரப் பயன்படவில்லை என்பதும் அப்போது தெரியவந்தது. பின்னர், 2017இல், எழுத்து வினாக்களுக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு முறையை அவர்கள் வெளியிட்டனர். எழுத்தறிவும் மொழியும் தடையாக நிற்கும் மலையகத்துக்கு இத்தகைய முறையினும் பொருத்தமானது வேறென்ன?

மருத்துவமாது ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டையும் கையில் எடுத்துப் பார்க்கிறாள். பிள்ளைக்காம்பராவில் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பெண், பெயர் சொல்லி அழைத்தால் எந்தக் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை எந்த வைத்தியருக்கும் முன்னரே அறிவாள். பெருந்தோட்ட முதலாளித்துவம் தாயின் கையைக் கொழுந்துக்கு விடுவித்துக்கொள்வதற்காக ஏற்படுத்திய கூடம் அது. அதே கூடத்தைப் பிள்ளையின் வளர்ச்சிக்குரிய இடமாக மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அப்பெண்ணுக்குப் பயிற்சியும் தகுந்த சம்பளமும் வழங்குதல். பயிற்சிக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லும் நாளுக்கு முழுப்பேர் போடுதல். நிபுணர் மாதம் ஒரு முறையேனும் தோட்டத்துக்கு வருதல். அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் விசேட கல்வி அலகும் அதற்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரும். இவை நான்கும் தொழிற்சங்கக் கோரிக்கைகளாக எழவேண்டும். சம்பளமும் வீட்டுரிமையும்தான் சங்கத்தின் வேலை, இது தருமகர்த்தாக்களின் வேலை என்று சொல்லும் சங்கவாதி, தொழிலாளியின் வாழ்வைப் பாதியாக வெட்டிப் பார்க்கிறார்.

‘நாடு ஏழை; முதலில் எல்லோருக்கும் சோறு, பிறகு இவர்களுக்குப் பயிற்சி’ என்று கூறுவோரும் உளர். இவ்வாதம் புதியதன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்திலும் இதுவே கூறப்பட்டது. நாடு பணக்காரனாகும்வரை காத்திருந்தால் இன்று இதனை வாசிக்கும் ஆசிரியருள் எத்தனைபேர் ஆசிரியராயிருப்பர்? மேலும் அவ்விலவசக் கல்வி தோட்டத்துக்கு உடனே வந்து சேரவுமில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்க எழுபதுகள்வரை செல்லவேண்டியதாயிற்று. ‘பிறகு’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்பதை மலையகம் அறியும். மாற்றுத்திறனாளிகளின் உரிமையைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. கருணை கோரி நிற்கவேண்டிய நிலையில் இன்று யாரும் இல்லை. எழுதிக் கொடுத்த கடன்பத்திரத்தைக் காட்டிக் கேட்கவேண்டிய நிலையிலேயே இருக்கிறோம்.

உலகில் எந்த நாட்டிலும் இவ்வுரிமைகள் தனிமனிதத் தியாகத்தால் வந்தனவல்ல. 1962இல் பிரித்தானியாவிலும் 1965இல் அமெரிக்காவிலும் பெற்றோர் சங்கமாகக் கூடிய பின்னரே பாடசாலைகளின் கதவுகள் திறந்தன. பின்னர் ஓட்டிசமுள்ளோரே பேசத் தொடங்கினர். 1993இல் ஜிம் சின்கிளெயர் பெற்றோரை நோக்கிக் கூறிய கருத்து இன்றும் நம்மைச் சுடுவது: நீங்கள் அழுவது பிறவாத ஒரு கற்பனைப் பிள்ளைக்காக, பிறந்து உங்கள் முன்னே நிற்கும் பிள்ளையோ உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. துயரத்தைப் போற்றும் நம் கலைமரபு முழுவதற்கும் இது ஒரு கண்டனமாகும்.

எழுத்தாளரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் யெஸ். பாலபாரதி ஓட்டிசத்தை விளக்கி எழுதிவந்திருக்கிறார். ‘துலக்கம்’ என்னும் நாவலையும் அவ்விடயமாகவே ஆக்கினார். லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஒரு தாயின் அனுபவத்திலிருந்து பிறந்தது. பெற்றோரின் அனுபவத்தில் விளைந்த இவ்வெழுத்துகளின் பயன் பெரிது. ஆனால் எல்லாச் சுமையையும் பெற்றோரே சுமப்பதுபோல, எழுதும் சுமையையும் அவர்களே சுமக்கவேண்டுமா? கோகிலம் சுப்பையா 1964இல் ‘தூரத்துப் பச்சை’யில் கூலியாக வந்த பெண்ணின் வாழ்வை எழுதினார். சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தின் துயரையும் கோபத்தையும் உலகறியச் செய்தார். அவ்வழி வந்த மலையக எழுத்தில் லயத்துச் சுவருக்கு அப்பால் இரவெல்லாம் கேட்கும் அந்தக் குரலுக்கும் இடம் வேண்டும். அதனைத் தீய சகுனமாகவோ, தாயின் ஊழ்வினையாகவோ, கடைசி அத்தியாயத்தில் வெளிப்படும் மறைந்த மேதைமையாகவோ காட்டாமல், அந்த லயத்தின் மற்றொரு குடிமகனின் குரலாகக் காட்டவேண்டும்.

இதனினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. பிள்ளை வளரும், தாய் முதுமை அடைவாள். ஓட்டிசம் பிள்ளைப்பருவத்தோடு முடிவதன்று. தனக்குப் பின் இவனுக்கு யார் என்ற அச்சமே இத்தகைய பெற்றோரின் இரவுகளை ஆட்கொண்டிருக்கிறது. தியாகத்தைப் புகழும் கதைகள் அனைத்தும் இவ்விடத்தில் ஊமையாகிவிடுகின்றன. ஏனெனில் தியாகம் செய்பவரின் உயிரோடு தியாகமும் முடிந்துவிடும். தாய் இறந்த பின்னும் நின்று நிலவக்கூடியது ஊரின் ஏற்பாடு ஒன்றுதான்: அவன் செய்யக்கூடிய வேலை, அவன் அறிந்த மனிதர், அவனுக்குரிய கூரை, அவனைக் காக்கும் சட்டம். ஆசிரியரும் மாணவரும் தத்தம் பாடசாலையில், தத்தம் சங்கத்தில், தத்தம் எழுத்தில் இவ்வேற்பாட்டைக் கோரி உழைப்பார்களாயின், தாய்மாரைப் புகழும் தேவை நமக்குக் குறையும். அவர்களும் மற்றத் தாய்மாரைப் போல இரவில் உறங்குவர்.